அப்பாவுக்கும் ஒரு பேப்பர்

ஷாமினியை அந்தப் பள்ளியில் சேர்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று, தைப்பூச விடுமுறை முடிந்த மறுநாள் காலை அறிவித்தேன். அறிவித்த இடம் பூச்சோங்கில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறை. கூட்டத்தில் இருந்தவர்கள் இருவர். என் மனைவி புனிதா தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஆறாம் ஆண்டு படிக்கும் மகள் ஷாமினி அந்தத் தோசைக்காகக் காத்திருந்தாள். கைதட்டல் எதுவும் வரவில்லை.

பள்ளி கிள்ளானில் இருக்கிறது. தனியார் இடைநிலைப்பள்ளி. ஆண்டுக்கு நாற்பது பிள்ளைகளை மட்டும் எடுப்பார்கள். நுழைவுத் தேர்வில் கணக்கு உண்டு. ஷாமினிக்கு அது தண்ணீர் பட்ட பாடு. கட்டுரை உண்டு, அதையும் எழுதிவிடுவாள். மூன்றாவது பகுதிதான் வில்லங்கம். இரண்டு சொற்களைக் கொடுத்து, அவற்றுக்குள் என்ன உறவோ அதே உறவு வருகிற மாதிரி அடுத்த ஜோடியை முடிக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் எதிர்ச்சொற்கள். அகலத்துக்குக் குறுகல் என்றால், உயரத்துக்கு என்ன? குட்டை. பார்ப்பதற்குச் சின்ன விஷயம். தேர்வு ஆங்கிலத்தில்தான், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

நான், சிவநேசன், மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டவன். இப்போது கிள்ளான் துறைமுகத்தில் ஒரு கிடங்குக்கு மேற்பார்வையாளன். பதினெட்டு லோரி, முப்பது ஆள், எல்லாம் என் ஒரு சத்தத்துக்குக் கட்டுப்படும். எனக்குக் கிடைக்காத படிப்பு என் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்ற வெறி எனக்கு இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை. அதனால் அதுவரை புனிதாவிடம் இருந்த பாடப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். புனிதா பாலர் பள்ளி ஆசிரியை. குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது வேறு, போட்டிக்குத் தயார் செய்வது வேறு என்று அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். "சரிங்க" என்றாள். அவள் உடனே ஒப்புக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பயிற்சிப் புத்தகம் வாங்கினேன். கைப்பேசியில் நேரம் வைத்தேன். ஒரு கேள்விக்கு முப்பது வினாடி. தோசைக்கு முன்னால் ஐந்து கேள்வி, பள்ளிக்குப் போகும் காரில் பத்து. பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், ரசம் வருவதற்குள் மூன்று. சரியாகச் சொன்னால் தலையாட்டுவேன். தப்பாகச் சொன்னால் கிடங்கில் பேசுகிற குரலில் பேசுவேன். சரி எது, தப்பு எது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். விடைகளைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சடித்திருந்தார்கள்.

முதல் வாரம் ஷாமினி இருபதுக்குப் பதினாறு எடுத்தாள். இரண்டாம் வாரம் பதிமூன்று. மூன்றாம் வாரம் ஒன்பது. உழைப்பு போதவில்லை என்று முடிவு செய்து, கேள்விகளைக் கூட்டினேன். அவள் நகம் கடிக்க ஆரம்பித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில், தீபாராதனை நேரத்தில், "ஒளி" என்று தொடங்கினேன். "தெரியல" என்றாள். கேள்வியையே நான் இன்னும் முடிக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அரை மணி நேரம் ஆயிற்று. தண்ணீர்ச் சத்தம் இல்லை. விசும்பல் சத்தம் மட்டும் கேட்டது. கதவைத் தட்டப் போன கையை இறக்கிக்கொண்டேன். ஆனாலும், தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது என்று கதவைப் பார்த்து ஞாபகப்படுத்தினேன். புனிதா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, ஸ்கூலுக்குப் போன் பண்ணேன். பிள்ளைங்க டெஸ்ட் எழுதுற அன்னைக்கே பேரண்ட்ஸுக்கும் ஒரு பேப்பர் இருக்காம்."

"நமக்கு எதுக்கு?"

"வீட்டுல சொல்லிக் கொடுக்கத் தெரியுதான்னு பாப்பாங்களாம். அந்த எதிர்ச்சொல் பகுதி மட்டுந்தான். இருபது கேள்வி."

"அப்ப நீ எழுது. நீதானே டீச்சர்."

"அப்பாதான் எழுதணுமாம். அம்மாங்க எழுதுனா எல்லாரும் பாஸாயிடுறாங்கன்னு, போன வருஷத்துலேர்ந்து மாத்திட்டாங்களாம்."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. என் சட்டைக் காலரை நேராக்கி மடித்தாள். சந்தேகமாக இருந்தால் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள் என்று பள்ளியின் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி நீட்டினாள்.

இங்கேதான் நான் விழுந்தேன். எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. லோரிக்காரர்களிடம், போலீஸ்காரரிடம், பாசாரில் மீன் விற்பவரிடம் நான் பேசுவேன். பள்ளி, வங்கி, கிளினிக் என்று வேகமாக ஆங்கிலம் பேசுகிற இடங்களில் எல்லாம் பதினான்கு வருஷமாகப் புனிதாதான் பேசுகிறாள். இந்த ஏற்பாட்டைப் பற்றி நாங்கள் ஒருநாளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. அந்தத் தாளை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். அது அங்கேயே இருந்து, அடுத்த முறை சட்டையோடு சேர்த்துத் துவைக்கப்பட்டது.

ஒரு தடவை எழுதித்தான் பாருங்களேன் என்று அப்போதே ஒரு தாளைக் கொடுத்தாள். புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை முன்கூட்டியே கிழித்து எடுத்திருந்தாள். தாராளத்துக்குக் கஞ்சத்தனம் என்றால் துணிச்சலுக்கு என்ன? வீரம் என்று எழுதினேன். ஏற்றுமதிக்கு இறக்குமதி என்றால் புறப்பாட்டுக்கு என்ன? கொடுத்திருந்த நான்கு விடைகளில் தாமதம் என்று ஒன்று இருந்தது. துறைமுகத்தில் இருபது வருஷமாக நான் பார்த்து வருவது அதைத்தான். நம்பிக்கையோடு எழுதினேன். விடை வருகையாம். இருபதுக்கு ஏழு வாங்கினேன்.

புனிதா அந்தத் தாளை ஷாமினியிடம் நீட்டினாள். அப்பாவுக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடு, எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள். ஷாமினி தாளை ரொம்ப நேரம் பார்த்தாள். மூன்று வாரமாக அந்த முகத்தில் இல்லாத ஒன்று அப்போது வந்தது. இரக்கம் என்று நினைக்கிறேன்.

"அப்பா, நீங்க மொதல்ல விடையப் போய்ப் பாக்குறீங்க. அதான் தப்பாவுது. கொடுத்திருக்கிற ஜோடியப் பாருங்க. அவங்க ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸா, சண்டைக்காரங்களா?"

"தாராளமும் கஞ்சத்தனமும்... சண்டைக்காரங்க."

"அப்ப துணிச்சலுக்கும் ஒரு சண்டைக்காரனத்தான் தேடணும். வீரம் அவனோட ஃப்ரெண்டுலா."

"கோழைத்தனமா?"

"கரெக்ட். பயப்படாதீங்கப்பா, வந்துடும்."

பயப்படாதே என்று நான் அவளிடம் ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அன்று முதல் ஷாமினி ஆசிரியை ஆனாள். காலை நெரிசலில் காருக்குள் அவள் கேட்பாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசிப்பேன். எனக்கென்று ஒரு நோட்டு போட்டு அவளே கேள்விகளை எழுதினாள். ஒரு மக்குக்குப் புரிய வேண்டுமே என்று ஒவ்வொன்றையும் மூன்று விதமாக யோசித்து விளக்கினாள். நான் தப்புச் செய்தால் கத்தமாட்டாள். "பரவால்ல, அடுத்தது" என்பாள். அவளுடைய நகங்கள் வளர்ந்தன. சாப்பாடு இறங்கியது. சிரிப்பும் வந்தது, பெரும்பாலும் என் விடைகளைப் பார்த்து. சிரித்துவிட்டுப் போகட்டும்.

எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளை நன்றாக எழுதி, நான் சொதப்பி, அதனால் அவளுக்கு இடம் போய்விட்டால் அந்த முகத்தில் எப்படி விழிப்பது? கிடங்கில் பெட்டிகளை எண்ணும்போதும் என் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ராஜன், உடம்புக்கு என்ன பாஸ் என்று கேட்டான். நாற்பத்தாறு வயதில் பரீட்சை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ரத்த அழுத்தம் என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை.

தேர்வு நாள், சனிக்கிழமை காலை. அதற்கு முந்தைய பயிற்சியில் நான் பதினேழு வாங்கியிருந்தேன். திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டு, இரண்டு பென்சில், ஓர் அழிப்பான், அடையாள அட்டை எல்லாம் எடுத்துக்கொண்டேன். பள்ளி வாசலில் வரிசை நின்றது. ஷாமினிக்குப் பின்னால் நானும் நின்றேன். எனக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் என் நெஞ்சுக்குக்கூட எட்டாதவர்கள். மற்ற அப்பாக்கள் யாரையும் காணவில்லை. நேரத்தை மறந்துவிட்டார்கள், பாவம், என்று அவர்களுக்காக வருத்தப்பட்டேன். ஷாமினி திரும்பி, "ஜோடிய மொதல்ல பாருங்கப்பா" என்று காதில் சொன்னாள்.

காவலாளி என்னை நிறுத்தினார். "அங்கிள், பேரண்ட்ஸ் கேன்டீன்ல வெய்ட் பண்ணுங்க." எனக்கும் டெஸ்ட் இருக்கிறது என்று பென்சில்களைக் காட்டினேன். அவர் பெயர்ப்பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு முறை, மரியாதையோடு, பார்த்தார். பிறகு ஓர் ஆசிரியையை அழைத்து வந்தார். பெற்றோருக்குத் தேர்வு வைக்கும் வழக்கம் எங்கள் பள்ளியில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, ஐயா, என்றார் அவர். தமிழில்தான் சொன்னார். புரியாத மாதிரி நடிக்கவும் வழியில்லை.

திரும்பிப் புனிதாவைத் தேடினேன். வாசலுக்கு நேரே தெரிந்த கேன்டீனில் எனக்கும் சேர்த்து இடம் பிடித்து, சாப்பிடக் கறிபப் வாங்கி வைத்திருந்தாள். ஷாமினி என் கையிலிருந்த பென்சில்களைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். விஷயம் அவளுக்கும் அந்த நிமிஷம்தான் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, உள்ளே போனாள். அந்தத் தேர்வு மண்டபத்துக்குள் சிரித்துக்கொண்டு நுழைந்த ஒரே பிள்ளை அவள்தான்.

கேன்டீனில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து பென்சில்களை மேசைமேல் வைத்தேன். பிறகு கேட்டேன்.

"எங்கிட்ட ஏன் பொய் சொன்ன?"

"நேரா சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். "மாட்டேன்."

"நீங்க சொல்லிக் கொடுத்தப்ப பிள்ளை அழுதா. நீங்க படிக்க ஆரம்பிச்சதும் சிரிச்சா. தன்னவிட மோசமா படிக்கிற ஆளு ஒருத்தர் பக்கத்துல இருந்தா எந்தப் பிள்ளைக்கும் தைரியம் வந்துடும். எங்க பாலர் பள்ளியில தினமும் செய்யுறதுதாங்க இது."

கோபப்பட வேண்டும் என்று முயன்றேன். வரவில்லை. கறிபப் சூடாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. ஷாமினிக்கு இடம் கிடைத்துவிட்டது. எதிர்ச்சொல் பகுதியில் இருபதுக்கு இருபது. நான் அழுதேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என் மொத ஸ்டூடண்ட் நீங்கதான்பா" என்றாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, இனி அந்தப் பயிற்சிப் புத்தகத்தைக் கட்டிப் பரணில் போடலாம் என்றேன். புனிதா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அடுத்த வீட்டுத் தங்கமணியின் மகள் ஹேமா அடுத்த வருஷம் இதே தேர்வை எழுதப் போகிறாளாம். எதிர்ச்சொல் என்றாலே அழுகிறாளாம். அப்படியென்றால் புத்தகத்தை அவர்களுக்கே கொடுத்துவிடு என்று பெரிய மனது பண்ணிச் சொன்னேன்.

"புத்தகம் அவங்ககிட்ட இருக்குங்க. செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் ஹேமா பக்கத்துல உக்காந்து படிக்க உங்களத்தான் அனுப்பச் சொல்லிக் கேட்டாங்க. நானும் சரின்னுட்டேன். படிச்சதையெல்லாம் மறந்துட்டுப் போங்க."