மாமனார் மாமரத்துக்கு நான் போட்ட மோதிரம்

காசித்தும்பைத் தண்டைச் சிவப்பு மசியில் நிறுத்தி வைத்து, மறுநாள் குறுக்கே வெட்டிப் பார்த்த கணத்தில்தான் அந்த யோசனை எனக்கு உதித்தது. உள்ளே கட்டைப் பகுதியில் மட்டும் சிவப்புப் புள்ளிகள். வெளித்தோலில் ஒரு துளி சிவப்பு இல்லை. வேர் உறிஞ்சும் தண்ணீர் கட்டை வழியாக மேலே ஏறுகிறது, இலை சமைக்கும் சாப்பாடு பட்டை வழியாகக் கீழே இறங்குகிறது என்று இண்டர்மீடியட் வகுப்பில் எங்கள் ஆசிரியர் விளக்கினார். ஒரு கிளையில் மோதிரம் மாதிரிப் பட்டையை உரித்துவிட்டால், சாப்பாடு இறங்க வழியில்லாமல் அந்தக் கிளையிலேயே தங்கும். காய் அதிகம் பிடிக்கும் என்றும் சொன்னார்.

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நான் மட்டும் யோசித்தேன். (எழுதிக்கொள்கிறவனைவிட யோசிக்கிறவன் உயர்ந்தவன் என்பது என் கொள்கை. இன்றும் அதில் பெரிய மாற்றமில்லை.) கிளைக்கு மோதிரம் போட்டால் கிளை காய்க்கும். அடிமரத்துக்கே போட்டால்? மரம் முழுக்கக் காய்க்காதா? வேர் என்ன, காய்க்கவா போகிறது? அதற்கு எதற்குச் சாப்பாடு?

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு மரமும், என்னைத் தடுக்க முடியாத ஒரு குடும்பமும் தேவைப்பட்டன. அந்த வைகாசியில்தான் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. தலை ஆடிக்கு அழைப்பு வந்தது. எருமப்பட்டிப் பக்கம் மாமனார் தோட்டத்தில் இரண்டும் ஒருசேரக் கிடைத்தன.

தலை ஆடிக்கு வந்த மாப்பிள்ளை கிணற்றைத் தூர்க்கச் சொன்னாலும் மண்வெட்டி எடுத்து வருவார்கள். ஆடி முதல் நாளுக்கென்று சுட்ட தேங்காயில் பாதியை நானே தின்று முடித்துவிட்டு, மாமனாரிடம் ஒரு கத்தி கேட்டேன்.

"எதுக்குங்க மாப்பிள்ளே?"

"அந்த மல்கோவா மரத்துல ஒரு சாண் அகலத்துக்குச் சுத்திப் பட்டையை உரிக்கணும்ங்க மாமா. வர்ற சித்திரைக்குப் பாருங்க, இலையே தெரியாது. காய்தான் தெரியும்."

சேலத்திலிருந்து அவரே ஒட்டுச்செடியாக வண்டியில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்து, குடம் குடமாக ஊற்றி வளர்த்த மரம் அது. மாமனார் மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மரத்தைப் பார்த்தார்.

"மரத்துக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?"

"தண்ணி உள்கட்டையிலதாங்க போகுது. என் கண்ணால பார்த்தேன்." (எந்தச் செடியில் பார்த்தேன் என்று அவர் கேட்கவில்லை.)

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "நல்லாக் காய்க்கிற மரத்தைப் போயி ஏனுங்க..."

"அட, சும்மா இரு. மாப்பிள்ளை காலேசுல படிக்கிறாருல்ல?" என்று மாமனார் அடக்கினார். கயிறு பிடித்து அளவு எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

என் மனைவி செல்லம்மாள் மட்டும் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க, வேரு பட்டினி கெடக்காதுங்களா?"

"வேரு மண்ணுக்குள்ளதானே இருக்குது? வேணுங்கறதை எடுத்துக்கும்" என்றேன். (மண்ணில் வேருக்குக் கிடைப்பது தண்ணீரும் கொஞ்சம் உப்பும். அதாவது, உப்புத் தண்ணீர் குடித்து ஒரு வருஷம் உழைக்கச் சொல்லியிருக்கிறேன்.)

பட்டை திரும்பச் சேர்ந்துவிடக் கூடாதென்று வழவழப்பையெல்லாம் சுரண்டி எடுத்தேன். வேலை அவ்வளவு சுத்தம்.

தை மாதம் போனபோது மரம் பூத்திருந்தது. பூத்திருந்தது என்பது சின்னச் சொல். இலை தெரியவில்லை, நான் சொன்னபடியே! ஊரார் வந்து பார்த்தார்கள். மாமனார் என்னை மரத்தடியில் கட்டிலில் உட்காரவைத்து, "எல்லாம் எங்க மாப்பிள்ளை வெச்ச வைத்தியமுங்க. இந்த வருசம் ஊடு தவறாம ஒரு கூடை பழம் வரும்" என்று ஊருக்கே வாக்குக் கொடுத்தார். ஒருவர் தம் தென்னைகளுக்கும் மோதிரம் போடச் சொன்னார். தென்னையில் தண்ணீர் வழியும் சாப்பாட்டு வழியும் தண்டு முழுக்கச் சிதறிக் கிடப்பதால் அது பலிக்காது என்று மறுத்துவிட்டேன். (அந்த வருஷம் நான் செய்த ஒரே புண்ணியம்.)

பங்குனி வெயிலில் இலைகள் சுருண்டன. சேர்த்து வைத்திருந்ததைத் தின்று தீர்த்துவிட்ட வேருக்கு, தண்ணீரை மேலே அனுப்பத் தெம்பில்லை. வேருக்குச் சோறு போட்டால்தான் இலைக்குத் தண்ணீர் வரும் என்ற கணக்கு அப்போதுதான் எனக்கு உறைத்தது. எலுமிச்சை அளவில் காய்கள் சடசடவென்று கொட்டின.

சித்திரையில், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் போய் இறங்கினேன். மாமனார் ஒரு வார்த்தை திட்டவில்லை. "சாப்பிடுங்க மாப்பிள்ளே" என்றார். இலையில், உதிர்ந்த மாங்காய்களில் போட்ட ஊறுகாய் இருந்தது. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, மாமியார் பழத்துக்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு சட்டி அதையே அனுப்பியிருந்தார். அந்த ஊரில் இப்போது அதற்கு 'மாப்பிள்ளை ஊறுகாய்' என்றே பெயர். நன்றாகத்தான் இருந்தது.

சாப்பிட்டுவிட்டு மரத்தடிக்குப் போனேன். மேலே பாதிக் கிளைகள் காய்ந்திருந்தன. ஆனால் மோதிரத்துக்குக் கீழே, மண்ணை ஒட்டி, செம்புநிறத் துளிர்கள் இரண்டு!

"மாமா! வேரு சாகலைங்க! அறுந்தது ரோடுதான். பாலம் போட்டுடலாம்!" என்று கத்தினேன். துளிர்கள் வளர்ந்ததும் அவற்றின் நுனியைச் சீவி, மோதிரத்துக்கு மேலே பட்டைக்கடியில் செருகிக் கட்டினால் ஒட்டிக்கொள்ளும். சாப்பாடு அந்த வழியே கீழே இறங்கும் என்று விளக்கினேன்.

மாமனார் குனிந்து அந்தத் துளிர்களை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"போடுங்க. சாகக் கெடக்கறதுக்கு இதுக்கு மேல என்ன வரப்போகுது? ஆனா கத்தி மட்டும் எம் பொண்ணு கையில இருக்கட்டும்."

செல்லம்மாள் இப்போது எங்கள் வீட்டுக் கொல்லையில் நொச்சிக் குச்சிகளைச் சீவிப் பழகுகிறாள். என்னைவிட மெல்லிசாகச் சீவுகிறாள் என்று நானே ஒப்புக்கொள்கிறேன். ஆடி பிறந்து நாலு மழை விழுந்ததும் புறப்படுகிறோம். வெட்டு அவள் பொறுப்பு; ஈரமண்ணும் வாழைநாரும் என் பொறுப்பு. பாலம் பிடிக்கும், எனக்குச் சந்தேகமே இல்லை. அது பிடிக்கிறவரை மரத்தடியிலேயே படுத்துக்கொள்வதாக மாமனார் சொல்லி அனுப்பியிருக்கிறார். மரத்துக்குத் துணையாகவா, எனக்குக் காவலாகவா என்று நான் கேட்கவில்லை.