இருபத்திரண்டு சென்டிமீட்டர் புத்தகம்

கலைந்து கிடக்கும் எதைப் பார்த்தாலும் என் கை சும்மா இருக்காது. நாற்பத்தொன்பது வயதுவரை இதை நல்ல குணம் என்றே நம்பியிருந்தேன். ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், மதியம் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அந்த நம்பிக்கை போயிற்று.

கேரள எல்லையில், பாலக்காட்டு வடகரப்பதியில் எங்களுக்குத் தென்னந்தோப்பு. மகள் வேலைக்குப் போன பிறகு, விட்ட படிப்பைத் தொடர எம்.ஏ. சேர்ந்தேன். முதல் நாள், நூலகர் பிந்து மேடம் புதியவர்களுக்கு எல்லாவற்றையும் விளக்கினார்: உறுப்பினர் அட்டை, கணினியில் நூல் தேடுவது, வீட்டிலிருந்தே ஆய்விதழ் படிப்பது. பன்னிரண்டு குறிப்புகள் எழுதிக்கொண்டேன். ஏழாவது: 'எடுத்த நூலை மேசையிலேயே விடவும், அலமாரியில் திருப்பி வைக்கக் கூடாது.' (சோம்பேறிகளுக்குக் காட்டும் சலுகை என்று புரிந்துகொண்டேன். அடிக்கோடு வேறு!)

பிறகுதான் தேயிலைத் தோட்டங்கள் பற்றிய இரண்டு அலமாரிகள் கண்ணில் பட்டன. குட்டைக்குப் பக்கத்தில் நெட்டை, அதற்குப் பக்கத்தில் மறுபடி குட்டை. எங்கள் களத்தில் தேங்காயை இப்படிக் கலந்து குவித்தால் வியாபாரி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். புத்தக முதுகில் ஒட்டியிருந்த எண்களை நான் மதிக்கவில்லை. வாங்கிய வரிசையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் உயரவாரியாக அணிவகுத்து நின்றன. டைரியில் எழுதினேன்: 'இரண்டு அலமாரிகள் சீர் செய்தேன். மனநிறைவு.'

மூன்று பத்துக்கு மகேஸ்வரி வந்தாள். குமுளிப் பக்கத்து எஸ்டேட் பெண், ஆராய்ச்சி மாணவி. நான்கு மணிக்குள் ஆய்வேட்டை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஒரே ஒரு மேற்கோளுக்குப் பக்க எண் விட்டுப்போயிருந்தது.

"மேடம், கம்ப்யூட்டர்ல இருக்குன்னு காட்டுது. இங்கன காணலியே! ஒல்லிப் புக்கு மேடம், முதுகுல பேருகூட இருக்காது."

பிந்து மேடம் அலமாரியைப் பார்த்தார். "தெய்வமே! இது ஆரு செஞ்சது?"

நான் டைரியை ஆழ்ந்து வாசித்தேன். (வெற்றுப் பக்கம்.) அந்தப் பெண் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தபோது அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. எழுந்தேன்.

"நானுங்க மேடம். அளவுப்படி அடுக்கிட்டேனுங்க." மகேஸ்வரியிடம் கேட்டேன்: "அந்தப் புக்கு எவ்வளவு ஒயரம் இருக்கும் அம்மிணி?"

"ஒயரத்த யாரு சார் அளந்து வச்சிருக்கா? நான் என்ன ஜன்னலுக்குத் துணியா எடுக்க வந்தேன்?"

பிந்து மேடம் ஏதோ நினைத்துக்கொண்டு கணினிக்கு ஓடினார். "சாரே, இருபத்திரண்டு சென்டிமீட்டர்!" ஒவ்வொரு நூலின் உயரமும் அதன் விவரப் பதிவில் இருக்குமாம்.

"ரெண்டாவது அலமாரி, மூணாவது தட்டு, இடது ஓரமுங்க!"

ஆறாவதாக உருவியது அதுதான். மூன்று முப்பத்தாறுக்கு மகேஸ்வரி பக்க எண்ணோடு ஓடினாள்.

"இத்தன வருஷத்துல, உயரம் எழுதின அந்த வரி ஒரு ஆளுக்கு உபகாரப்பட்டது இன்னைக்குத்தான்," என்றார் பிந்து மேடம். "நாளைக்குக் காலையில வரணும் கேட்டோ. எல்லாம் நம்பர்படி திருப்பி வைக்கணும்."

மூன்று நாள் வைத்தேன். கூலிப் போராட்டங்கள் பற்றிய புத்தகங்கள், நெட்டையும் குட்டையுமாக, ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. என் வரிசை என் கண்ணுக்கு மட்டும் அழகு. அந்த எண்களோ, யாரோ ஒருத்தி மலையிறங்கி வந்து கை நீட்டும் இடத்தில் அவளுக்கு வேண்டியதை வைத்திருந்தன.

இதை வீட்டில் சொன்னதுதான் நான் செய்த இரண்டாவது தவறு. இன்றைக்கும் என் மனைவி சரசுவுக்கு மூக்குக்கண்ணாடி காணவில்லை என்றால், தேடுவதே இல்லை. அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வரும்:

"ஏனுங்க, பதினாலு சென்டிமீட்டர். எடுத்துட்டு வாங்க!"