கடலுக்குள் நின்ற தாய்மாமன்

ஊருக்குப் புறப்படுகிறவனைப் பிடித்து நிறுத்தி யோசனை சொல்வதில் எங்கள் திருப்பூர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அதுவும் தாங்கள் போயிராத ஊர் என்றால் இன்னும் விரிவாகச் சொல்வார்கள். நான் திருச்செந்தூர் போகிறேன் என்று தெரிந்ததும் எங்கள் பனியன் கம்பெனியில் கட்டிங் மேசையைச் சுற்றி ஒரு மாநாடே கூடிவிட்டது. வள்ளி குகைக்குள் குனிந்து போய் வா என்றார் ஒருவர். நாழிக்கிணற்றில் குளிக்காமல் வந்தால் போனதே வீண் என்றார் இன்னொருவர். பன்னீர் இலையில் மடித்துத் தரும் விபூதி, உடன்குடிக் கருப்பட்டி, பிள்ளைகளுக்குக் கிளிஞ்சல், கடல் மண் ஒரு பிடி (எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை) என்று ஆளாளுக்கு அடுக்கினார்கள். அத்தனை பேரில் ஒருத்தராவது, "தம்பி, கடலுக்குள்ள எறங்கறப்ப வேட்டியக் கெட்டியாப் புடிச்சுக்க" என்று சொல்லியிருந்தால் நான் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

நான் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அறுபதுகளின் நடுவில், என் அக்காவின் மகன் செந்திலுக்கு மொட்டையடித்துக் காது குத்துவதற்காகப் பெருமாநல்லூரிலிருந்து பஸ் பேசிக்கொண்டு போனோம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அது எங்களுக்கு மாற்ற முடியாத முறை. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காவின் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அந்த பஸ்ஸில் இருந்தது நான் ஒருத்தன்தான்.

அக்கா வாழ்க்கைப்பட்டது தறி வைத்து நன்றாக இருந்த குடும்பம். குறை ஒன்றும் கிடையாது. ஆனால் விசேஷ வீடுகளில் அந்தப் பக்கத்து உறவுகள், "பாவம், பொறந்த ஊட்ல ஆருமில்லாத புள்ளைங்க" என்று அக்காவின் காதில் விழும்படியே பேசுவார்கள். அக்காவின் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவர் அப்படியெல்லாம் பேச மாட்டார். சும்மா ஒரு பார்வை பார்ப்பார். பேசுகிறவர்களைவிட எனக்கு அந்தப் பார்வைதான் பயம். ஆகவே இந்தக் காதுகுத்தில் நான் ஆள் என்று நிரூபித்தாக வேண்டும். அக்காவுக்கும் தம்பி ஒருத்தன் இருக்கிறான் என்று நாலு பேர் பார்க்க வேண்டும். புது வேட்டி, தோளில் துண்டு, உள்ளே நானே வெட்டிய கையில்லாத பனியன் என்று மிகவும் கம்பீரமாகத்தான் போய் இறங்கினேன்.

திருச்செந்தூரில் முதலில் கடலில் முழுகி, அப்புறம் நாழிக்கிணற்றில் குளித்து, அதற்கப்புறம்தான் சாமி பார்க்க வேண்டும். நான் அதைத் தலைகீழாக ஆரம்பித்தேன். காரணம் பக்தி அல்ல, பயம். அதுவரை நான் பார்த்த பெரிய தண்ணீர் எங்கள் ஊர்க் கிணறுதான். கிணற்றுத் தண்ணீர் நாம் குதித்தால்தான் மேலே வரும். இந்தத் தண்ணீர் தானாக எழுந்து நம்மை நோக்கி வந்தது. எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்கவில்லை. எல்லாரும் விடியற்காலையில் கடலில் முழுகிக்கொண்டிருந்தபோது, கம்பெனிக்காரர்கள் சொன்னதை எல்லாம் முடிக்கிறேன் பேர்வழி என்று நான் குகைக்குப் போனேன், கருப்பட்டி வாங்கினேன், நாழிக்கிணற்றில் குளித்தேன். நனைந்த அண்டர்வேரைச் சத்திரத்துக் கொடியில் காயப்போட்டேன். இந்த அண்டர்வேரை வாசகர்கள் மறக்க வேண்டாம்.

கோயில் மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்து, ஆசாரி காது குத்தும் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, கடல்ல முழுகியாச்சுங்களா?"

"இதோ... போறேனுங்க."

"முழுகாம புள்ளய மடியில வெக்கக்கூடாது. சட்டுனு போய்ட்டு வாங்க. நல்ல நேரம் போயிரும்."

சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பனியனோடு ஓடினேன். எல்லாரும் வெற்றுடம்போடு முழுகும் கடலில் நான் மட்டும் ஏன் பனியன் போட்டுக்கொண்டு இறங்கினேன் என்றால், அந்த வயதில் என் மார்பில் விலா எலும்புகள் தனித்தனியாகத் தெரியும். அதை ஊருக்குக் காட்ட விருப்பமில்லை.

இடுப்பளவு தண்ணீரில் மூக்கைப் பிடித்துக்கொண்டு முழுகினேன். எழுந்தேன். வேட்டி எழவில்லை. அது என்னை விட்டுவிட்டுக் கொஞ்ச தூரத்தில் வெள்ளையாக விரிந்து இலங்கைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. "ஐயோ!" என்று அதன் பின்னால் பாய்ந்தேன். அடுத்த அலை என்னைப் புரட்டிப்போட்டது. தலையில் கட்டியிருந்த துண்டும் போயிற்று. உப்புத் தண்ணீரைக் குடித்து, கண்ணைத் திறந்து பார்த்தால், ஒரு பனியன், ஒரு அரைஞாண் கயிறு. அவ்வளவுதான் நான்.

சட்டென்று குத்தவைத்து உட்கார்ந்தேன். கழுத்துக்குக் கீழே கடல் மூடிக்கொண்டது. அங்கே மண்டபத்தில் அக்கா குழந்தையை வைத்துக்கொண்டு வழி பார்க்கிறாள். இங்கே நான் தலை மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருக்கிறேன். அந்த நிமிஷத்தில் எனக்கு அழுகை வந்தது. முகமெல்லாம் ஏற்கனவே உப்புத் தண்ணீர் என்பதால் வெளியே தெரியவில்லை.

கரையில் ஒரு பெரியவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு துணி கேட்டிருந்தால் காரியம் அப்போதே முடிந்திருக்கும். ஆனால் எங்கள் கொங்கு நாட்டு மரியாதை இருக்கிறதே, அது வேண்டியதை வாய் விட்டுக் கேட்க விடாது. யார் எதைக் கேட்டாலும் முதலில் "ஆமாங்க" என்றுதான் வரும்.

"என்னய்யா, அப்பப் புடிச்சுப் பாக்கேன், தண்ணிக்குள்ளயே நிக்கியளே. நேர்த்திக்கடனா?" என்றார் அவர்.

"ஆமாங்க" என்றேன்.

சொன்ன மறு விநாடி நாக்கைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் அவர் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். (அந்தத் தலைப்பாகை எனக்குப் போதுமானதாக இருந்திருக்கும்.) "நில்லுங்கய்யா, நில்லுங்க. முருகன் ஒங்களக் கைவிட மாட்டான்" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு வலையோடு நடந்தார். போகிற வழியில் குளிக்க வந்த ஒரு கூட்டத்திடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அந்தக் கூட்டம் கரையில் நின்று என்னைக் கும்பிட்டது. அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். ஒரு அம்மாள் கைக்குழந்தையை என் பக்கம் தூக்கிக் காட்டினார். "எந்த ஊர்ச் சாமி?" "பேச மாட்டாராம், மௌனமாம்." "கழுத்தளவு தண்ணியில நிக்காரு பாரேன்." நான் நிற்கவே இல்லை, குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறேன், முழங்கால் வலிக்கிறது என்று யாரிடம் சொல்வது? கூட்டம் பெருகப் பெருக, எழுந்து வரும் வழி அடைபட்டுக்கொண்டே போயிற்று.

பனியனை இழுத்துக் கீழே விட்டுப் பார்த்தேன். இடுப்புக்கு வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் வராது. வராது என்பது எனக்குத்தான் நன்றாகத் தெரியும். உயரத்தில் அரை அங்குலம் குறைத்து வெட்டித் துணியை மிச்சப்படுத்தலாம் என்று முதலாளியிடம் சொல்லி முதுகில் தட்டு வாங்கியவனே நான்தான்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, முழங்கையில் மாற்றுத்துணிக் கூடையோடு அத்தை வந்தார். என்னைத் தேடித்தான் வந்திருந்தார். மூச்சு வாங்கியது. கண் கூசும் வெயிலில் தண்ணீருக்குள் ஒரு தலை தெரிந்ததே தவிர, அது யாருடைய தலை என்று அவருக்குத் தெரியவில்லை. எல்லாரும் கும்பிடுவதைப் பார்த்து அவரும் கையைக் குவித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சாமி, எம் மருமக அழுகறா. தம்பி வராம கொழந்தைய ஆரு மடியிலயும் வெக்க மாட்டேன்னு இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கறா. எல்லாரும் திட்டறாங்க. அந்தப் பையன எங்கிருந்தாலும் கொண்டாந்து உட்டுரு சாமி."

குரலே எழுப்பாத என் அக்கா ஒரு மண்டபத்தையே எதிர்த்து நிற்கிறாள். யாருடைய பார்வைக்கு நான் இத்தனை நாள் பயந்தேனோ அவர் எனக்காக வேண்டிக்கொண்டு நிற்கிறார். இனி மானம் போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

தண்ணீருக்குள்ளேயே பனியனைக் கழற்றினேன். தலைகீழாகப் பிடித்து, கை போகிற ஓட்டைகளில் காலை விட்டேன். இடுப்பில் அரைஞாண் கயிற்றில் செருகினேன். பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும்: கழுத்து? ஆமாம், கழுத்து ஒன்று மிச்சம் இருந்தது. அது இருந்த இடத்தைச் சொல்ல மாட்டேன். அதை அள்ளிச் சுருட்டி என் பலம் அத்தனையும் கொடுத்து ஒரு முடிச்சுப் போட்டேன். பிறகு முருகா என்று எழுந்து கரைக்கு நடந்தேன்.

கூட்டம் விலகி வழி விட்டது. ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. சாமியாருடைய உடை அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்திருப்பார்கள். இரண்டு பேர் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அத்தை கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். கூடையிலிருந்து தன் பழைய சேலை ஒன்றை உருவி என் இடுப்பைச் சுற்றிக் கட்டினார்.

"வாயத் தொறக்காதீங்க தம்பி. நாம் பேசிக்கறேன்" என்றார். அவ்வளவுதான்.

மண்டபத்தில் எல்லார் முகமும் கடுகடுவென்று இருந்தது. அக்கா மட்டும் என்னைப் பார்த்ததும், "வந்துட்டயா சாமி" என்றாள். ஒரு பெரிய மனிதர், "இத்தன நேரம் என்னங்க பண்ணுனாரு தாய்மாமன்? இதென்ன சேலையக் கட்டிக்கிட்டு?" என்று ஆரம்பித்தார்.

அத்தை நிமிர்ந்து நின்றார். "கொழந்தைக்கு நோய் நொடி வரக்கூடாதுன்னு கழுத்தளவு கடல்ல நின்னு வேண்டிக்கிட்டிருந்தாருங்க. கரையே கையெடுத்துக் கும்பிடுது, போய்ப் பாருங்க. ஈர வேட்டியோட மடியில புள்ளய வெக்க வேண்டாம்னு நாந்தான் என்ற சேலையக் குடுத்தேன். எந்தத் தாய்மாமன் இப்பிடி நின்னிருக்கறான், சொல்லுங்க?"

அந்தப் பெரிய மனிதர் நகர்ந்து ஜமுக்காளத்தில் எனக்கு இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன், முடிச்சின் மேல். செந்திலை மடியில் வைத்தார்கள். ஆசாரி குத்தியதும் குழந்தை வீல் என்று கத்தியது. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. தாய்மாமனுக்கு என்ன பாசம் பாருங்க என்று பின்னால் யாரோ சொன்னார்கள். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் முடிச்சும் ஒரு காரணம்.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை என் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்குக் கூடப் பொறந்தவன் இல்லீங்க தம்பி. எம் பையனுக்குக் காது குத்தறப்ப மடிக்கு ஆளில்லாம, ஆரோ ஒரு ஒண்ணுவிட்ட அண்ணனக் கெஞ்சிக் கூட்டியாந்தாங்க. அன்னைக்குப் பேசுன பேச்சு இன்னுங் காதுல இருக்குது. எம் மருமகளுக்கு அது வேண்டாம்னுதான்." "ஆமாங்க" என்றேன்.

அத்தை காலமாகிவிட்டார். ஆனால் அன்றைக்கு அவர் சொன்ன பொய் வளர்ந்து குடும்ப வழக்கமாகவே ஆகிவிட்டது. எங்கள் இரண்டு வீட்டிலும் காதுகுத்து என்றால் தாய்மாமன் திருச்செந்தூர்க் கடலில் கழுத்தளவு தண்ணீரில் நின்றாக வேண்டும். நிற்காவிட்டால் குழந்தைக்கு ஆகாதாம். செந்திலின் தங்கை குழந்தைக்குக் காது குத்தியபோது செந்தில் போய் நின்றான். கரையில் உறவுகள் எல்லாரும் கையைக் குவித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். எனக்குத்தான் முதல் மரியாதை. ஆரம்பித்து வைத்தவன் அல்லவா?

நானும் முகத்தை வெகு பக்தியாக வைத்துக்கொண்டு பக்கத்தில் திரும்பினால், அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன் மெதுவாக.

"ஊடு போய்ச் சேர்ந்த அன்னைக்கே அத்த எல்லாத்தையுஞ் சொல்லீட்டாங்க. சமையக்கட்டுல ரெண்டு பேரும் உருண்டு உருண்டு சிரிச்சோம். அடுப்புல பால் பொங்கி வழிஞ்சதுகூடத் தெரியல." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கு முன்னால அந்த ஊட்ல நாஞ் சிரிச்சதே இல்ல தம்பி."

கடலுக்குள்ளிருந்து செந்தில் பல் கிட்ட, "போதுங்களா அம்மா?" என்று கத்தினான்.

"இன்னுஞ் சித்த நேரம் நில்லு கண்ணு!" என்றாள் அக்கா.