ஏழாம் குழி அருகம்புல்

ஏழாம் குழியைச் சுற்றியிருந்த புல்லில் உள்ளங்கை அகலத்துக்கு மண் தெரிந்ததும் எத்திராஜ் மற்ற வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். உத்திரமேரூரை ஒட்டியிருந்த அந்த கோல்ஃப் கிளப்புக்கு அவர்தான் புல் மேஸ்திரி. நாளை மறுநாள் பெரிய போட்டி. கோல்ஃப் ஆடியே பிழைக்கிற ஆட்டக்காரர்கள் பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். பந்தை மெல்லத் தட்டிக் குழியில் விழவைக்கும் இடம் ஜமக்காளம் விரித்த மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சீட்டைக் கிழித்துவிடுவதாக செக்ரட்டரி சுகுமார் சொல்லியிருந்தார்.

எத்திராஜ் குனிந்து பார்த்தார். மாடு மேய்ந்த மாதிரி இல்லை. நுனி பார்த்துக் கிள்ளியிருந்தது. விடிந்தால் பிள்ளையார் சதுர்த்தி. என்னதான் ராஜ உபசாரம் செய்து வளர்த்தாலும் அது அருகம்புல்தானே.

"ஏரிக்கரை பொம்பளைங்க வேலதான் இது," என்றார் வாட்ச்மேன் மாசியிடம்.

உடனே ஒரு போர்டு எழுதி நட்டார்: 'இது ஒசத்தியான அருகம்புல். பறிக்கக் கூடாது.' அப்படி ஒரு விஷயம் தெரியாமல் இருந்தவர்களுக்கும் தெரிந்துபோயிற்று. மத்தியானத்துக்குள் பாய் விரிக்கும் அளவுக்கு மண் தெரிந்தது.

"மாசி, கேட்டாண்ட நின்னது போதும். பின்னால ஏரிப்பக்கம் போய் நில்லு."

"கேட்ட யாரு மேஸ்திரி பாத்துக்குவாங்க?"

"கேட்டுக்கு இன்னா, அது எங்கயும் ஓடிப் பூடாது."

மாசி ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றான். சாயங்காலம் வந்து பார்த்தால், மொட்டையடிக்க உட்கார்ந்தவன் பாதியில் எழுந்து போன கதையாக இருந்தது புல்தரை. எத்திராஜுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஊருக்குள் தமுக்கு அடிக்கச் சொன்னார்: கிளப் புல்லுக்கு விஷ மருந்து அடித்திருக்கிறது, தொட்டவர்கள் உயிருக்குக் கிளப் பொறுப்பில்லை.

பொழுது விடிந்ததும் ஏரிக்கரைப் பெண்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு செக்ரட்டரி அறை வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

"வேலியோரமா மேயற ஆடு செத்தா யாரு பதில் சொல்றது?" என்றாள் முன்னால் நின்ற முனியம்மாள்.

"விஷமா?" என்று சுகுமார் வெளியே வந்தார்.

"மருந்தே அடிக்கல சார், சொம்மா மெரட்டுனேன்," என்று எத்திராஜ் மென்று விழுங்கினார்.

சுகுமார் நேரே ஏழாம் குழிக்கு நடந்தார். எல்லோரும் பின்னாலேயே போனார்கள், ஆடுகள் உட்பட.

"நாளைக்கு இதுல எவன் ஆடுவான்? பறிச்சது யாருன்னு சொல்லு எத்திராஜ். இல்லைன்னா இன்னியோட நீ வீட்டுக்குப் போயிடு."

எத்திராஜுக்குத் தெரிந்தது புல் ஒன்றுதான். புல் வளர்க்கச் சம்பளம் கொடுக்கிற இடம் ஜில்லாவிலேயே வேறு கிடையாது.

"தோ, இவங்கதான் சார். பிள்ளையாருக்கு."

"போலீசைக் கூப்பிடு. ஒருத்தரையும் விடக்கூடாது."

முனியம்மாளுக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் பேசுவதுதான் புரியவில்லை. மொட்டைத் தரையைப் பார்த்தாள், செக்ரட்டரியைப் பார்த்தாள்.

"எங்க வரப்பு முச்சூடும் இதே புல்லுதான் சார் கீது, நாங்க இன்னாத்துக்கு வேலி தாண்டணும்? நேத்து உங்க வூட்டம்மாதான் சிநேகிதிங்களோட வந்து காரு நெறையப் பிச்சிக்கினு போனாங்க. மெட்ராஸ்ல புல்லுக்குக்கூட காசாமே?"