குடை எஞ்சினியர் அளந்த ஆறு

உலகத்தில் எந்தப் பொறியியலாளரும் தான் கட்டிய பாலத்தைவிடத் தன் குடையை அதிகம் படம் எடுத்திருக்க மாட்டார். எங்கள் குடை எஞ்சினியர் எடுத்திருக்கிறார். செங்கலடிப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் நான் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்தபோது, வேலைத்தளங்களையும் ஆறுகளையும் அவர் எடுத்துக் குவித்த படங்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

மூன்று வகையாகப் பிரித்தேன். ஒன்று, குடையும் பாலமும். இரண்டு, குடையும் ஆறும். மூன்று, குடை மட்டும். மூன்றாவதுதான் அதிகம்.

அளவு தெரிவதற்காக வைக்கிறாராம். படத்தில் அளவுக்கு ஒரு பொருளை வைப்பது வழக்கம்தான், நானும் படித்திருக்கிறேன். ஆனால் சுவர் வெடிப்பைக் காட்ட எடுத்த படத்தில் வெடிப்பின் மேலேயே குடையைச் சாத்தி வைக்கும்படி எனக்கு யாரும் கற்பிக்கவில்லை.

"சேர், வெடிப்பு எங்க?"

"குடைக்குப் பின்னால இரிக்கி மகள்."

"அப்ப எப்பிடிப் பார்க்கிற?"

"பார்க்க ஏலாட்டி என்ன? நீளம் தெரியுதுதானே!"

கறுப்புத் துணி, வளைந்த மரப்பிடி. அதை அவர் மழைக்கு விரித்து யாரும் கண்டதில்லை. கொட்டும் மாரியில் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொட்டச் சொட்ட அலுவலகத்துக்குள் வருவார். "நனைஞ்சா துணி சுருங்கும். மறுகா அளவு பிழைச்சுப் போகும்" என்பார். அதே குடையை ஆற்றுத் தண்ணீருக்குள் இறக்குகிறீர்களே என்று ஒருநாள் கேட்டேன்.

"அது வேலை, மகள்."

இப்படிப்பட்டவரிடம் ஓர் ஆற்றையே ஒப்படைத்திருந்தோம். கடலோரத்துச் சின்ன ஆறு. அதன் வாயை மணல் வந்து அடைத்துவிடும். மாரியில் தண்ணீர் ஏறினால் அந்த மணலை வெட்டி ஆற்றைக் கடலுக்குள் விட வேண்டும். பிந்தி வெட்டினால் வயல் வட்டையில் வெள்ளாமை அழுகிப்போகும். முந்தி வெட்டினால் வளராத இறால் முழுவதும் கடலோடு போய்விடும். வயல்காரரும் மீன்பிடிகாரரும் ஒவ்வொரு மாரியிலும் இதற்காக முறைத்துக்கொள்வார்கள்.

ஆற்றுப் பாலத்தின் தூணில் முன்பு அளவுக்கோடுகள் இருந்தன. யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று தூணுக்கு வெள்ளை அடித்ததில் அவை மறைந்துபோயின. மறுபடி கீறப் பெயின்ற் கேட்டு மேலிடத்துக்கு எழுதினோம். பதில் வருவதற்குள் குடை எஞ்சினியர் தீர்வு கண்டுவிட்டார். தண்ணீருக்குள் இருக்கும் தூணின் அடிப்படியில் குடையை ஊன்ற வேண்டும். தண்ணீர் பிடியைத் தொட்டால் வெட்ட வேண்டும். இரண்டு தரப்பும் இதற்குத் தலையாட்டியதுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது.

ஒரு மாரிக் காலையில் அவர் ஆற்றடியிலிருந்து தொலைபேசியில் படம் அனுப்பினார். தண்ணீர் பிடியைத் தொட்டிருந்தது. அலுவலகம் உடனே மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தை அனுப்பியது. நான் வழக்கம்போலப் படத்தை இரண்டாம் வகையில் சேர்க்கும்போது, தண்ணீர் பிடியைத் தொடாத பழைய படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தூணில் ஒரு துருக்கறை உண்டு. இரண்டு படத்திலும் தண்ணீர் கறைக்குக் கீழே அதே இடத்தில் நின்றது. தண்ணீர் ஏறவில்லை. குடையின் பிடி மட்டும் பிளாஸ்டிக்காக மாறியிருந்தது.

தொலைபேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை, படம் எடுத்துக்கொண்டிருந்திருப்பார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பெக்கோ உறுமிக்கொண்டு நின்றது. அதன் முன்னால் மீன்பிடிகாரர் தவராசா அண்ணன் கையை விரித்து நின்றார்.

"இறால் இன்னும் தும்பு மாதிரி இரிக்கி. கொஞ்ச நாள் விட்டா விரல் மொத்தத்துக்கு வரும். இந்த மாரிக்கு எனக்கு வேற என்ன இரிக்கி? வெட்டுறெண்டா எனக்கு மேலால ஏத்திப்போட்டு வெட்டுங்க!"

"தண்ணி பிடியில தொட்டுட்டு தவராசா. ஒத்துக்கொண்டா ஒத்துக்கொண்டதுதான்" என்றார் வயல்காரர்களின் தலைவரான வட்டைவிதானை.

நான் குடை எஞ்சினியரை ஓரமாக இழுத்தேன்.

"சேர், இது புதுக்குடையா?"

"ஓம் மகள். பழையது பஸ்ஸோட போயிட்டு. ஏறாவூர்ல வாங்கின. வடிவா இரிக்கா?"

"பழையதைவிட ஒரு சாண் கட்டை, சேர்."

இரண்டு படங்களையும் காட்டினேன். அவர் இரண்டிலும் துருக்கறையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

எங்கள் துறையில் பிழை நடந்தால் பொறுப்பேற்க மூவர் எப்போதும் தயார். ஒன்று மழை. இரண்டு ஒப்பந்தக்காரர். மூன்று இடமாற்றம் பெற்றுப் போனவர். இவர் யாரைப் பிடிக்கப்போகிறார் என்று பார்த்தேன். அவர் நேரே பெக்கோவுக்கு முன்னால் போய்த் தவராசா அண்ணனுக்குப் பக்கத்தில் நின்றார்.

"மெசினை நிப்பாட்டு தம்பி! தண்ணி ஏறல்ல. என்ட குடைதான் கட்டை. பிழை என்னோடது."

பெக்கோ ஓட்டியவர் சிரிப்பதற்காகவே இயந்திரத்தை நிறுத்தினார்.

"பாலத்தையும் இந்தக் குடையாலதான் அளந்து கட்டின நீங்களோ?" என்றார் தவராசா அண்ணன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. விதானை மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப எங்கட வெள்ளாமைக்கு ஆர் பொறுப்பு?"

"நான்தான். கோடு கீறி முடியும் மட்டும் இஞ்சயே நிப்பன். தண்ணி ஏறினா நானே நிண்டு வெட்டுவிப்பன்."

சொன்னபடியே நின்றார். நான் மட்டம் பார்த்துக் கோடுகளைக் குறித்தேன். அவர் எங்கேயோ தேடிப் பிடித்த சிவப்புப் பெயின்றால் கீறினார், கோணலாக. முடிக்கும்போது மழை பிடித்தது. அவர் குடையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு விரித்து என் கையில் தந்தார்.

"பிடியுங்க மகள். இது இனிக் குடைதான்."

தான் வழக்கம்போல நனைந்தார்.

பிறகு தண்ணீர் உண்மையாகவே வெட்டவேண்டிய கோட்டைத் தொட்டபோது வெட்டினார்கள். வட்டை தப்பியது. தவராசா அண்ணன் ஒரு பை நிறைய இறாலோடு அலுவலகத்துக்கு வந்தார். குடை எஞ்சினியர் அதையும் படம் எடுத்தார். அளவுக்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லை என்று, இறாலுக்குப் பக்கத்தில் தன் செருப்பைக் கழற்றி வைத்து எடுத்தார். அன்று இறாலை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. அந்தப் படத்துக்கு நான் நாலாவது வகை ஒன்றைத் திறக்க வேண்டியிருந்தது.

இப்போது அவர் ஓய்வுபெற்றுத் தன்னாமுனையில் இருக்கிறார். கட்டைக் குடை என்னிடமே தங்கிவிட்டது. நேற்று வேலை முடியும் நேரம் நல்ல மழை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நனைந்தபடி வீட்டுக்குப் போனேன். விரித்தால் துணி சுருங்கிவிடும்.