குன்னில்டு பிடித்த கை

ஆல்டன்பரி,
புனித ஸ்தேவான் திருநாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள்.

ஆயர் அலுவலக எழுத்தர், மதிப்பிற்குரிய மைத்துனர் ரெஜினால்டு அவர்களுக்கு,

ஆண்டவர் உங்கள் கால்வாதத்தைத் தணித்து, என் தங்கை மாபெலுக்குப் பொறுமை அருள்வாராக. உங்கள் திருமண விருந்தில் எனக்கு வாத்துக் கழுத்தை மட்டும் பரிமாறியதை நான் அடியோடு மறந்துவிட்டேன்.

ஊர்க்காரர்கள் கிறிஸ்துமஸ் அன்று ஆலய முற்றத்தில் கைகோத்து வட்டமாக ஆடுவதை நான் நிறுத்திவிட்டால் தலைமைப் பாடகர் பதவி எனக்கு என்று ஆயர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். லத்தீனில் ஒரு வரி பிழையில்லாமல் பாடத் தெரியாத ஆளுக்குப் போன தடவை அந்தப் பதவி போனது; யார் சிபாரிசு என்று நான் கேட்கவில்லை. ஆகவே நேற்றுக் காலைப் பூசை முடிந்ததும் வெளியே ஓடினேன். பனிச் சேற்றில் ஊரே வளையமாக நிற்கிறது. கசாப்புக் கடைக்காரி குன்னில்டு தனியாக ஒரு அடி பாடுகிறாள், எல்லோரும் அசையாமல் கேட்கிறார்கள். பல்லவி வந்ததும் மொத்த வளையமும் இடப்பக்கம் சுற்றுகிறது.

“இடப்பக்கம் பிசாசோட பக்கம்!” என்று கத்தினேன்.

“சூரியனும் இந்தப் பக்கந்தான் சுத்துது, பாட்டு வாத்தியாரே. முதல்ல போய் அதை நிறுத்திட்டு வாங்க.”

“ஆலயத்துல ஆட்டமா?”

“பிள்ளை பொறந்திருக்கு. கையைக் கட்டிக்கிட்டு நிக்க இது என்ன எழவு வீடா?”

ஆத்திரத்தில் அவள் கையையும் பக்கத்தில் நின்ற பீப்பாய் செய்கிற உல்ஃபின் கையையும் பிடித்துப் பிரித்தேன். அதுதான் நான் செய்த தப்பு. இருவரும் ஆளுக்கொரு கையாக என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

“வளையத்தை அறுத்தவர்தான் அறுத்த இடத்துல சேரணும், அடுத்த அடியும் அவர்தான் பாடணும். வழக்கம்!” என்றான் உல்ஃப்.

எனக்குத் தெரிந்தது நான் எழுதிய லத்தீன் துதிப்பாடல் ஒன்றுதான். ஒருவரும் இதுவரை கேட்க விரும்பாதது. பாடினேன். கடைசிச் சொல் ‘குளோரியா’, மகிமை. அதை அப்படியே வாங்கிப் பல்லவியாக்கி ஓடினார்கள், மைத்துனரே! அடுத்த அடியைக் குன்னில்டு நம் ஆங்கிலத்தில் கட்டினாள்: “மாட்டுக்கொட்டில்ல மகாராசா, மாடே கொஞ்சம் தள்ளிப் படு!” மறுபடியும் குளோரியா. எத்தனையோ வருடம் ஆலயச் சுவரில் மோதி விழுந்த என் சொல்லுக்கு அங்கேதான் கால் முளைத்தது. பொருள் தெரியாமலே அவர்கள் அதை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

எனினும் இது ஒழுங்கீனமே. ஆட்டத்தை உடனே தடை செய்யுமாறு ஆயரிடம் பணிவுடன் தெரிவியுங்கள்.

உங்கள் இல்லத்தில் அமைதியும் ரொட்டியும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆஸ்பெர்ட்

பின்குறிப்பு: ஆயரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். பதவியை யாருக்காவது கொடுத்துக்கொள்ளட்டும்; கிறிஸ்துமஸ் பன்னிரண்டாம் நாளும் ஆட்டம் உண்டு, அன்று முதல் அடி என்னுடையது. மாபெலை அழைத்து வாருங்கள். கால் வலித்தால் நீங்கள் நடுவில் உட்கார்ந்து கை தட்டலாம். விருந்தும் உண்டு, உங்களுக்கென்று வாத்துக் கழுத்து எடுத்து வைத்திருக்கிறேன்.