வைக்கோல் பிரசங்கி

மனித ஜாதியில் ‘சத்துப் பிரசங்கி’ என்றொரு வகை உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்களை நலம் விசாரிக்க மாட்டார், நேரே கொல்லைக்குப் போய், வைக்கோல்போரில் ஒரு பிடி உருவி, மோந்து பார்த்து, ஒரு வைக்கோல் தாளை வாயில் போட்டு மென்று, கண்ணை மூடிக்கொண்டு, “சம்பா வைக்கலுங்க! இதுல இருக்குற சத்து அரிசியில ஏது?” என்பார். மாடு அவரைப் பார்க்கும். அவர் மாட்டைப் பார்க்க மாட்டார்.

இவ்வளவு எனக்கு எப்படித் தெரியும்? கந்தர்வக்கோட்டை வட்டாரத்தில் இந்த வகையின் தலைசிறந்த மாதிரி நான்தான்.

திருச்சியில் கால்நடை வளர்ப்பு பற்றி ஒரு பிரசங்கம் கேட்டேன். “வைக்கோலிலும் சத்து உண்டு” என்றார் பேசியவர். “ஆனால்” என்று அவர் தொடங்கியபோது நான் எழுந்துவிட்டேன். யுத்த காலம், பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய ஒரே பஸ்ஸை விட்டால் ஊர் திரும்புவது எப்படி? அந்த ‘ஆனால்’ திருச்சியிலேயே தங்கிவிட்டது. மற்றதை ஊருக்குக் கொண்டுவந்தேன்.

புண்ணாக்கு கிடைக்காத நாள். பருத்திக்கொட்டை எதற்கு, தவிடு எதற்கு, வெறும் வைக்கோலே போதும் என்றால் யாருக்குக் கசக்கும்? ஆத்மநாதன் கேட்டார், அடைக்கலம் கேட்டார், தெருவே கேட்டது. ராக்காயி மட்டும், “வேற சோலி இருந்தாப் பாருங்க, அங்கிட்டுப் போங்க” என்று விரட்டினாள். பாவம், விஷயம் தெரியாதவள் என்று பரிதாபப்பட்டேன்.

பங்குனியில் என் பசுவுக்குப் பால் வற்றியது. பிரசவத்துக்கு வந்த மகள் செவந்திக்குத் தாய்ப்பால் சரியாகச் சுரக்கவில்லை. குழந்தை வீறிட்டு அழுதது. மனைவி செம்பை என் கையில் திணித்து, “ஊருக்கெல்லாம் சொன்னீங்கள்ல, போயி வாங்கிட்டு வாங்க” என்றாள்.

போனேன். ஆத்மநாதன் வீட்டுப் பசுவுக்கு விலா எலும்பு தெரிந்தது. “நீங்க சொன்னபடிதாங்க போடுறோம், ஒரு பிசகு இல்லீங்க” என்றார். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. அடைக்கலம் வீட்டிலும் அதே மரியாதை, அதே விலா.

பால் இருந்தது ராக்காயி வீட்டில்தான். தொட்டியில் வைக்கோலோடு ஊறிய பருத்திக்கொட்டையும் கிடந்தது. செம்பு நிறைய ஊற்றினாள். “பிள்ளைக்குத்தான் தாரேன். ஒண்ணும் பேசாமப் போங்க.” செம்பைத் துண்டால் மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வைக்கோலோ, வைத்தியமோ, பெண்ணுக்கு வரனோ, நீங்களும் யாருக்காவது யோசனை சொல்லித்தான் இருப்பீர்கள். அதைத் தட்டாமல் கேட்ட வீடுகளுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். கையில் செம்போடு போங்கள்.